எண்ணூர்க் கடலில் ஒரு கணக்கு

(திருவொற்றியூரில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடர்த்தி, அழுத்தம், பரப்பு இழுவிசை ஆகிய மூன்றும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ‘பருப்பொருளின் பண்புகள்’ என்ற ஒரே பாடத்துக்குள் வருகின்றன. ஆனால் பிள்ளைகள் போடும் கணக்குகளில் அவை ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. மிதப்பதற்குப் பனிக்கட்டி, அழுத்தத்துக்கு நீரியல் தூக்கி, பரப்பு இழுவிசைக்கு நுண்புழைக் குழாய் என்று தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. இந்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வேலை செய்ததை இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. அதையே இன்று கணக்காக எடுத்துக்கொள்கிறேன்.

2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது ‘பி.டபிள்யூ. மேப்பிள்’. எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்தது ‘டான் காஞ்சிபுரம்’. எண்ணெய் எதுவும் சிந்தவில்லை, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்பதுதான் முதலில் வந்த செய்தி. இரண்டொரு நாளில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளுக்கு இடையில், கரும் சேறு திரண்டு நின்றது. வாடைக் காலத்து நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும். அதன் போக்கில் மெரினாவையும் தாண்டி எண்ணெய் போனது. சிந்தியது ஏறத்தாழ 196 டன் கன எரிஎண்ணெய் என்று கடலோரக் காவல்படை பின்னர் மதிப்பிட்டது. மீனவர்கள், மாணவர்கள், மாநகராட்சித் தொழிலாளர்கள், காவல்படையினர் எல்லோரும் வாளியைப் பிடித்து அள்ளினார்கள். சரியான கையுறைகூட இல்லாமல் இறங்கியவர்கள் பலர்.

அன்று ஊர் முழுக்க ஒரே கேள்விதான்: இவ்வளவு பெரிய துறைமுகம், இத்தனை தொழிற்சாலைகள், இத்தனை இயந்திரங்கள் உள்ள இடத்தில் ஏன் வாளி? அந்தக் கேள்விக்கு இயற்பியலில் விடை இருக்கிறது. அதற்கு வருமுன் அளவைப் பார்த்துவிடுவோம்.

கப்பல் எஞ்சினில் எரிக்கும் கன எண்ணெயின் அடர்த்தி கன மீட்டருக்கு 980 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். 196 டன்னை 980ஆல் வகுத்தால் 200 கன மீட்டர். இந்த 200 கன மீட்டர் கடலில் எவ்வளவு இடத்தை மூடும்? புத்தகத்தில் இந்தக் கேள்வி வந்தால் ‘தடிமன் இவ்வளவு’ என்று பக்கத்திலேயே கொடுத்திருப்பார்கள். கடலில் யாரும் கொடுக்க மாட்டார்கள். நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்க உதவுவது பரப்பு இழுவிசை.

எண்ணெய்த் துளியின் விளிம்பில் மூன்று இழுப்புகள் சந்திக்கின்றன. தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையில் உள்ள இழுவிசை, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், துளியை வெளியே இழுக்கிறது. எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடையில் 30, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையில் 25 என்று வைத்தால், இந்த இரண்டும் சேர்ந்து 55 அளவுக்கு உள்ளே இழுக்கின்றன. வெளியே இழுப்பது 17 கூடுதல். ஆகவே எண்ணெய் பரவும். அதன் மெல்லிய பகுதி, தடுப்பார் இல்லாவிட்டால், மூலக்கூறு அளவுத் தடிமன் வரைகூடப் பரவப் பார்க்கும்.

இதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் செய்து பார்த்தார். லண்டனுக்கு அருகில் கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அமைதியானது என்று 1774இல் எழுதினார். தேக்கரண்டி 5 மில்லி லிட்டர், அரை ஏக்கர் 2,000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: இரண்டரை நானோமீட்டர். ஒரு மூலக்கூறின் நீளம்! அவர் அந்த வகுத்தலைப் போடவில்லை. போட்டிருந்தால், மூலக்கூறின் அளவை முதலில் கணித்தவர் அவராகவே இருந்திருப்பார். நூறாண்டுக்கு மேல் கழித்து, ஜெர்மனியில் கல்லூரிக்கே போகாத ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண், வீட்டுச் சமையலறையில் தாமே செய்த தொட்டியை வைத்து நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலத்தை அளந்தார். அதை ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எண்ணூருக்குத் திரும்புவோம். வானவில் நிறம் காட்டும் படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் இருக்கும். நம் 200 கன மீட்டர் முழுவதும் அந்தத் தடிமனுக்குப் பரவினால் 200 சதுர கிலோமீட்டர் கடலை மூடும். அதே எண்ணெய் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் திரண்டு நின்றால் வெறும் பத்து ஏக்கர்தான். அளவு ஒன்றே, பார்வைக்கு ஐம்பதாயிரம் ஏக்கராகவும் தெரியலாம், பத்து ஏக்கராகவும் தெரியலாம். 200 சதுர கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஏக்கர். ஆகையால் பரப்பை மட்டும் பார்த்து ‘பெரிய சிந்தல்’, ‘சின்னச் சிந்தல்’ என்று யார் சொன்னாலும் தடிமன் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் தைரியத்துக்காகவே பரப்பு இழுவிசைப் பாடத்தைப் படிக்கலாம்.

அடுத்தது, அள்ளிய சேறு. கன எண்ணெயை அலை புரட்டும்போது தண்ணீர் சிறு சிறு துளிகளாக எண்ணெய்க்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். பால்மம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இந்தச் சேற்றில் எழுபது சதவீதம்வரை, சில நேரம் அதற்கு மேலும், தண்ணீர் இருக்கும். எழுபது என்றே கொள்வோம். அப்படியானால் 200 கன மீட்டர் எண்ணெய், 667 கன மீட்டர் சேறாக ஊதிவிடும். பதினைந்து லிட்டர் வாளியால் அதை முழுவதும் அள்ள நாற்பத்து நான்காயிரம் வாளிகளுக்கு மேல் வேண்டும். அள்ளிய சேற்றின் எடையை, சிந்திய எண்ணெயின் எடையோடு நேருக்கு நேர் ஒப்பிடவும் முடியாது. நூறு கன மீட்டர் சேறு எடுத்தோம் என்றால் அதில் எண்ணெய் முப்பதுதான்.

இப்போது அந்தச் சேற்றின் அடர்த்தி. முப்பது பங்கு எண்ணெய், 980. எழுபது பங்கு கடல்நீர், 1,025. இரண்டையும் சேர்த்தால் கன மீட்டருக்கு 1,011 கிலோ சொச்சம். கடல்நீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆர்க்கிமிடீசைக் கேட்டால், இந்தச் சேற்றில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் என்பார். மீதி எல்லாம் தண்ணீருக்குள். சிறிய அலையும் அதை அமுக்கிவிடும். படகிலிருந்து பார்ப்பவருக்கும் விமானத்திலிருந்து பார்ப்பவருக்கும் அது பெரும்பாலும் மறைந்தே இருக்கும்.

இந்த எண்ணை நான் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 1,011 என்பது கடல்நீரில் மிதக்கும், நன்னீரில் மூழ்கும். நம் எண்ணூர் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். கோடையில் கொசஸ்தலை ஆற்றில் நீர்வரத்து இருக்காது. முகத்துவாரம் முழுக்கக் கடல்நீர். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் மேலே நன்னீர் ஓடும். கனமான உப்புநீர் அடியில் ஆப்புபோல நுழைந்து கிடக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்த முகத்துவாரத்துக்குள் வந்தது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் வீட்டுச் சுவரிலும் வலையிலும் படகிலும் அது ஒட்டியதை இங்கே பலர் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்.

கணக்குக்காக, 2017இல் சிந்திய வகை எண்ணெயைக் கடலில் சேறாக்கி, அதை ஏற்றத்தின்போது முகத்துவாரத்துக்குள் கொண்டுவருவோம். உப்புநீரின்மேல் வரும்வரை மிதக்கும். வெள்ள நன்னீர் ஓடும் இடத்தில் மூழ்கத் தொடங்கி, கீழே உள்ள உப்புநீர் மட்டத்தில் போய் நிற்கும். மேலே இருந்து பார்ப்பவர் எண்ணெய் போய்விட்டது என்பார். இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவுபவரின் காலில் அது படும். மணலும் சேர்ந்தால் இன்னும் மோசம். அடர்த்தி 990 உள்ள ஒரு கன மீட்டர் எண்ணெயைக் கடல்நீரில் மூழ்கடிக்க 58 கிலோ மணல் கலக்க வேண்டும். நன்னீரிலோ 16 கிலோ போதும். மணலின் அடர்த்தியை 2,600 என்று வைத்து வீட்டில் போட்டுப் பாருங்கள், இந்த விடை வரும். ‘எண்ணெய் மிதக்கும்’ என்பது பாதி உண்மை. எதன்மேல் என்று சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

சரி, வாளிக்கு வருவோம். சாக்கடை அடைப்பு எடுக்கும் உறிஞ்சு லாரிகளைக் கொண்டுவந்தார்கள். அவை திணறின. ஏன்?

உறிஞ்சுதல் என்பது உண்மையில் இழுத்தல் இல்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறோம். வெளியே இருக்கும் காற்று திரவத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. வெளிக்காற்றிடம் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம், ஏறத்தாழ 1,01,000 பாஸ்கல். எவ்வளவு பெரிய இயந்திரம் வைத்தாலும் அதற்கு மேல் ஒரு பாஸ்கல்கூடக் கிடைக்காது. கிணற்றிலிருந்து உறிஞ்சு பம்பு பத்து மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏற்றாது என்பது இதனால்தான். 1643இல் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்துக் காட்டிய உண்மை இது.

எர்ணாவூரில் பத்து மீட்டர் உயரம் இல்லை, பாறையிலிருந்து சாலைக்கு இரண்டு மூன்று மீட்டர்தான். சேற்றின் அடர்த்தியும் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். அடர்த்தியையும் உயரத்தையும் மட்டும் வைத்துக் கணக்குப் போடும் மாணவர், பம்பு சுலபமாக இழுக்கும் என்றே எழுதுவார். சூத்திரம் சரி, பெருக்கலும் சரி, விடை மட்டும் தவறு. சேற்றின் பாகுநிலை கணக்குக்குள் வரவில்லை.

பத்து சென்டிமீட்டர் விட்டம், இருபது மீட்டர் நீளம் உள்ள குழாய். வினாடிக்கு ஐந்து லிட்டர் வர வேண்டும். தண்ணீராக இருந்தால் உராய்வுக்காகச் செலவாகும் அழுத்தம் ஆயிரம் பாஸ்கல்கூட ஆகாது. சேற்றுக்கு வருவோம். அதன் பாகுநிலை தண்ணீரைப்போல் பத்தாயிரம் மடங்கு, அதாவது 10 பாஸ்கல் வினாடி என்று கொள்வோம். பால்மமான கன எண்ணெய்க்கு இது மிகையான எண் இல்லை. இத்தனை குழைவான திரவம் கொந்தளிக்காமல் அடுக்கடுக்காகத்தான் நகரும். ரெனால்ட்ஸ் எண் ஏழுகூட வராது. ஆகவே பாய்சொய் சமன்பாட்டைத் தயங்காமல் போடலாம். பாகுநிலை, நீளம், ஓட்டம் மூன்றையும் பெருக்கி, எட்டால் பெருக்கி, பை பெருக்கல் ஆரத்தின் நான்காம் அடுக்கால் வகுத்தால் வருவது 4,07,000 பாஸ்கல். நான்கு வளிமண்டலம்!

நான்கு வேண்டும், காற்றிடம் இருப்பது ஒன்று. உயரத்துக்கு உரியதையும் கழித்தால் ஒன்றுகூட முழுதாக இல்லை. வினாடிக்கு ஒரு லிட்டர் வந்தாலே பெரிது. அதற்குள் பாசி, பிளாஸ்டிக், வலைத்துண்டு வந்து குழாய் வாயை அடைத்துவிடும். இரண்டு பேர் கைமாற்றும் வாளி இதைவிட வேகமாக வேலை செய்யும்.

ஆகவே அன்று இயந்திரம் தோற்றது இயந்திரத்தின் குதிரைத்திறன் போதாமல் அல்ல. உறிஞ்சும் வகை இயந்திரத்தைக் கொண்டுவந்ததால் தோற்றது. பின்னாலிருந்து தள்ளும் வகைக்கு ஒரு வளிமண்டலம் என்ற வரம்பு கிடையாது. திருகு வடிவில் சேற்றை நகர்த்தும் பம்புகள் உண்டு. அந்தத் திருகுக்கு ஆர்க்கிமிடீஸ் பெயரே இருக்கிறது. குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால், நான்காம் அடுக்கு என்பதால், வேண்டிய அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்: நான்கு வளிமண்டலம் என்பது கால் வளிமண்டலம். இதையெல்லாம் முன்கூட்டியே காகிதத்தில் போட்டு, தகுந்த கருவியைத் துறைமுகத்தில் வாங்கி வைத்திருக்க முடியும். எண்ணெய் வரும் துறைமுகத்தில் எண்ணெய் சிந்தக்கூடும் என்பது எதிர்பாராத செய்தி இல்லை. இந்தக் கணக்கைப் போடாததன் சுமை, வாளி பிடித்தவர்களின் கையிலும் தோலிலும் இறங்கியது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

பறவைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023இல் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களைப் படங்களில் பார்த்தோம். பறவையின் இறகு தண்ணீரில் நனையாமல் இருப்பதற்கு அதன் இழைகளுக்கு இடையில் உள்ள காற்று காரணம். இடைவெளியின் ஆரம் 10 மைக்ரோமீட்டர், சேர்கோணம் 110 டிகிரி என்று கொண்டால், தண்ணீர் உள்ளே புக 4,900 பாஸ்கல் அழுத்தம் வேண்டும். அது அரை மீட்டர் ஆழத்தின் அழுத்தம். நீர்ப்பரப்பில் மிதக்கும் பறவைக்கு இது தாராளம். எண்ணெய் பட்டதும் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, இழைகளுக்கு இடையில் எண்ணெயே நிரம்புகிறது. எண்ணெயின் சேர்கோணம் 90க்குக் கீழே. கோசைன் குறி மாறிவிடுகிறது. தடுத்துக்கொண்டிருந்த அதே பரப்பு இழுவிசை இப்போது உள்ளே இழுக்கிறது. காற்று போனால் மிதப்பு போகும், உடல் சூடும் போகும். ஒரு குறி மாற்றம்தான். தேர்வில் மதிப்பெண் குறையும் இடம், ஆற்றில் உயிர் போகும் இடம்.

துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். நீங்கள் டிராஃப்ட் சர்வே பார்த்திருப்பீர்கள். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் தொடங்கப்பட்டதே பெரும்பாலும் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான். கப்பலில் எவ்வளவு நிலக்கரி இருக்கிறது என்பதைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பக்கத்தில் எழுதியுள்ள எண்களைப் படிக்கிறார்கள். வாளியில் துறைமுகத் தண்ணீரை மொண்டு, நீர்மானியை மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கிறார்கள். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி எடை போடுகிறார்கள். கோடிக்கணக்கான ரூபாய் கைமாறுவது இந்த ஒரு விதியை நம்பித்தான்.

கப்பலும் சரக்கும் சேர்ந்து 80,000 டன் என்று கொள்வோம். தண்ணீரின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.025 டன் என்று எழுத வேண்டிய இடத்தில் 1.020 என்று எழுதினால் 390 டன் வித்தியாசம் வரும். 2017இல் சிந்திய எண்ணெயைப்போல் இரண்டு மடங்கு எடை, மூன்றாம் தசம இடத்தில் ஒளிந்திருக்கிறது.

அந்த நீர்மானியை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மூன்று பாடமும் அந்தக் கண்ணாடித் தண்டில்தான் சந்திக்கின்றன. நீர்மானியின் அடியை நீரழுத்தம் மேலே தள்ளுகிறது. எவ்வளவு அமிழும் என்பதை அடர்த்தி தீர்மானிக்கிறது. தண்டைச் சுற்றித் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கிறதல்லவா? அந்த வளையம் நீர்மானியைக் கீழே இழுக்கிறது. தண்டின் விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவை 72 மில்லிநியூட்டனால் பெருக்குங்கள். 0.115 கிராம் எடைக்குச் சமமான இழுப்பு. நீர்மானியைச் செய்பவர்கள் இதையும் சேர்த்தே அளவு குறிக்கிறார்கள். ஆனால் மொண்ட தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் பரப்பு இழுவிசை 72இலிருந்து 30க்குப் போய்விடலாம். இழுப்பு 0.067 கிராம் குறையும். தண்டு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் மேலே எழும். தண்ணீர் உண்மையில் இருப்பதைவிடக் கனமாகக் காட்டும். 60 கிராம் நீர்மானியில் இது அடர்த்தியில் 0.0011 பிழை. 80,000 டன் கப்பலில் 80 டன்னுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் எண்பது டன் நிலக்கரியைத் தாளில் கூட்டவோ குறைக்கவோ செய்யும்! தண்ணீரை மேற்பரப்பிலிருந்து மொள்ளாமல், கீழே இறக்கித் திறக்கும் கலத்தில் எடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ள சர்வேயர்கள் வற்புறுத்துவதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது.

பிள்ளைகள் கேட்கலாம்: நீர்மானி இல்லாமல் நாங்கள் எப்படி அளப்பது? வாய் குறுகலான ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, இவை போதும். வெறும் பாட்டிலை நிறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரால் கழுத்தில் போட்ட கோடு வரை நிரப்பி நிறுங்கள். பிறகு கடல்நீர். 25 கிராம் சொச்சம் கூட வர வேண்டும். குறுகிய வாய் எதற்கு என்றால், நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் அகலமான வாயில் பல கிராம் பிழை வரும். இரண்டு சென்டிமீட்டர் வாயில் அது 0.3 கிராம்தான். தண்ணீரின் வளைந்த மட்டத்தின் அடிப்பகுதியைப் படியுங்கள், ஒவ்வொரு முறையும் அதையே படியுங்கள். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று, ஆற்றில் இன்னும் மேலே அத்திப்பட்டுப் பக்கம் ஒன்று. மேல்நீர் ஒரு பாட்டில், கயிறு கட்டிக் கல்லோடு இறக்கி, அடியில் திறந்து எடுத்த அடிநீர் ஒரு பாட்டில். ஏப்ரலில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை. தேதி, நேரம், ஏற்றமா வற்றமா என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நேரத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று உங்கள் தெரு மீனவப் பெரியவரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அடுத்த முறை ஏதாவது கசிந்தால், அது மிதக்குமா அமிழுமா என்று இந்த ஊர்ப் பிள்ளைகளே அன்றைக்கே சொல்ல இந்த நோட்டுப் புத்தகம் போதும்.